ஊர் ஏரிக்கு ஒரு வருகைப் பதிவேடு

ஐப்பசி பிறந்து ஏரிகளில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் ஆண்டுதோறும் ஒரே மாதிரியான செய்தி ஒன்று வெளிவரும். சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பறவைகள் வந்து குவிந்துவிட்டன என்று செய்தி சொல்லும். பக்கத்தில் மஞ்சள்மூக்கு நாரையோ கூழைக்கடாவோ கூட்டில் நிற்கும் படம் இருக்கும். அந்தப் படத்துக்கும் அந்த நாடுகளுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, சாம்பல் கூழைக்கடா, வெள்ளை அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா எல்லாம் நம் துணைக்கண்டத்திலேயே பிறந்து, மழையையும் மீனையும் பார்த்து மாவட்டம் விட்டு மாவட்டம் நகர்கிறவை. குளிர்காலத்தைக் கழிக்க வடக்கிலிருந்து வருகிற பறவைகள் இங்கே முட்டையிடுவதில்லை. இரை தேடி, உடலைத் தேற்றிக்கொண்டு, பங்குனி சித்திரையில் திரும்பிப் போய்த் தம் மண்ணில்தான் கூடு கட்டுகின்றன. ஆகவே மழைக்காலத்தில் நம் ஏரி மரத்தில் கூட்டோடு ஒரு நாரையைக் கண்டால் அது நம் பறவை என்று துணிந்து சொல்லலாம். இவ்வளவு எளிய செய்தி ஏன் இத்தனை ஆண்டுகளாகத் தவறாகவே அச்சாகிறது? ஆண்டுக்கு ஒரு நாள், சீசன் நேரத்தில், சரணாலயத்துக்குப் போய் வருவதைத்தான் பறவை பார்ப்பது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வைகாசியில் வயலோரம் நத்தை பொறுக்கும் நத்தைகுத்தியைப் பார்த்திருக்கும் ஒருவர், அது கடல் கடந்து வந்ததென்று எழுத மாட்டார். யாராவது எழுதினால் நம்பவும் மாட்டார்.

அதனால்தான், பறவை பார்க்க ஆசைப்படுகிறேன், எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் வேடந்தாங்கலையும் கோடியக்கரையையும் முதலில் சொல்வதில்லை. வீட்டிலிருந்து நடந்தோ சைக்கிளிலோ போகக்கூடிய ஒரு நீர்நிலையைத் தேர்ந்தெடுங்கள். ஏரியோ கண்மாயோ குளமோ எதுவானாலும் சரி. ஆவணியிலிருந்து பங்குனி வரை வாரம் ஒரு முறை, ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே வழியில் நடந்து, கண்ணில் பட்ட எல்லாவற்றையும் எழுதுங்கள். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் ஆசிரியர் வந்தவருக்கு மட்டும் குறியிடுவதில்லை, வராதவருக்கும் குறியிடுகிறார். பறவைக்கும் அப்படித்தான். ஆங்கிலப் புத்தகங்கள் சொல்லும் இலையுதிர்காலம் நமக்கு இல்லை என்று கவலைப்பட வேண்டாம். கார், கூதிர், முன்பனி, பின்பனி என்று நம் முன்னோர் ஆண்டை வகுத்த வகுப்பு, வலசைப் பறவைகளின் நாட்காட்டியோடு வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போகிறது. கார் முடிவதற்குள் முதல் விருந்தாளிகள் வந்துவிடுகின்றன, கூதிரில் பெருங்கூட்டம் சேர்கிறது, முன்பனியில் நிலைகொள்கின்றன, பின்பனியில் புறப்படுகின்றன.

இதற்கு வழக்கமாக எழும் முதல் மறுப்பு சலிப்பு பற்றியது. ஒரே ஏரியில் அதே நாமக்கோழி, அதே முக்குளிப்பான், அதே மடையானைத்தானே வாரா வாரம் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஏரி ஒன்றுதான், ஆனால் இரண்டு வாரம் அது ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆவணியில் ஏரி வறண்டு, நடுவில் ஒரு குட்டை மட்டும் மிஞ்சியிருக்கும். நமக்கு இன்னும் வெயில் தணியவில்லை. ஆனால் வடக்கே கோடை முடிந்துவிட்டது. அந்தக் குட்டையின் ஓரத்தில்தான் அந்தப் பருவத்தின் முதல் உள்ளான் வாலை ஆட்டிக்கொண்டு நடக்கும். புரட்டாசியில் மின்கம்பிகளில் தகைவிலான்கள் சேரும். மேயும் மாடுகளின் கால்களுக்கிடையில் மஞ்சள் வாலாட்டி ஓடும். முள்மர உச்சியில் பழுப்புக் கீச்சான் உட்கார்ந்து தன் இடத்துக்கு உரிமை கொண்டாடிக் கரகரவென்று கத்தும். அதே பருவத்தில் ஒரு விடியலில், புதருக்குள்ளிருந்து இரட்டைச் சீழ்க்கை ஒலி கேட்டால் அது ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கூடு கட்டிவிட்டு, இரவோடு இரவாகப் பறந்து தெற்கே வருகிற பறவை அது. களைத்துப்போய் வீட்டு முற்றத்திலும் பள்ளி வளாகத்திலும் விழுந்து கிடப்பதுண்டு. காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் இந்தப் பெயர். வலசை என்றாலே வெளிநாடு என்று நினைப்பவர்களுக்கு, நாட்டுக்குள்ளேயே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வலசை போகும் இந்தப் பறவை நல்ல மறுமொழி.

ஐப்பசி கார்த்திகையில் வாத்துகள் வரும். அவற்றில் பெரும்பாலும் முந்திக்கொள்வது நீலச்சிறகி. பின்னால் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும். இங்கேதான் ஒருநாள் பார்வையாளர் தவறவிடுகிற நுட்பம் ஒன்று இருக்கிறது. ஆண் வாத்துகள் இனப்பெருக்கம் முடிந்ததும் தம் பகட்டான இறகுகளை உதிர்த்துவிட்டுப் பெண் வாத்தைப் போல மங்கிய பழுப்பில்தான் நம்மிடம் வருகின்றன. ஐப்பசியில் நீலச்சிறகிக் கூட்டத்தைப் பார்த்தால் ஆணும் பெண்ணும் ஒன்றுபோலத் தெரியும். புத்தகப் படத்தில் இருக்கும் வெண்புருவத்தைத் தேடித் தேடிக் கண் வலிக்கும். மார்கழிக்குள் ஊசிவால் ஆணின் தலை காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாறி, கழுத்தின் பக்கவாட்டில் வெள்ளைக் கோடு ஏறிவிடும். நீலச்சிறகி ஆணுக்கு அந்த வெண்புருவம் முழுதாக அமைய மாசி ஆகிவிடும். வாரா வாரம் பார்க்கிறவருக்கு இது மெல்லத் திறக்கும் புதிர். ஐப்பசியில் அடையாளம் தெரியாத பறவை, தையில் தானாகவே தன் பெயரைச் சொல்கிறது. நீளவால் இலைக்கோழி இதற்கு நேர் எதிர். இனப்பெருக்கக் காலத்தில் அடர்பழுப்பு உடலும் நீண்டு வளைந்த வாலுமாக இருக்கும் அது, குளிர்காலத்தில் அந்த வாலை இழந்துவிடுகிறது. மார்பில் கழுத்தணிபோல் ஒரு கரும்பட்டை மட்டும் இருக்கும். பெயரில் இருக்கும் வால் பறவையிடம் இல்லையே என்று திகைப்பவர்கள் பலர். ஒரே குளத்தை ஆண்டு முழுவதும் பார்த்தவருக்கு அந்தத் திகைப்பு வராது.

சரி, இதெல்லாம் பார்ப்பவருக்கு மகிழ்ச்சி. பறவைக்கு என்ன பயன் என்பது அடுத்த கேள்வி. அரிய பறவையைக் கண்டுபிடித்தால்தானே அறிவியலுக்கு உதவும், எல்லா ஏரியிலும் இருக்கிற உள்ளானை எழுதி என்ன ஆகப்போகிறது? இந்தக் கேள்விக்கு 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை விடை தந்திருக்கிறது. 942 பறவையினங்களை ஆராய்ந்த அந்த அறிக்கை, நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய தரவு கிடைத்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்திருப்பதாகச் சொல்கிறது. 30 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்துவிட்டதால், உலக அளவில் அவற்றின் நிலையை மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்று 14 இனங்களை அது பரிந்துரைக்கிறது. அந்தப் பட்டியலில் இருப்பவை யாரும் காணாத அபூர்வங்கள் அல்ல. பனங்காடை இருக்கிறது. கிளுவையும் தட்டைவாயனும் இருக்கின்றன. ஏரிக்கரையில் தனியாக வாலாட்டி நடக்கும் சாதாரண உள்ளானும் இருக்கிறது.

அந்த உள்ளானை ஒரு நிமிடம் கூர்ந்து பாருங்கள். மைனாவைவிடச் சிறியது, முதுகு மண்நிறம், வயிறு வெள்ளை. மடித்த இறக்கைக்கு முன்னால், தோளோரத்தில் வெள்ளை நிறம் ஆப்பு போல மேலேறியிருக்கும். மற்ற உள்ளான்களிடமிருந்து இதைப் பிரிக்க அந்த ஓர் அடையாளமே போதும். நிற்கும்போதும் நடக்கும்போதும் உடலின் பின்பாதி ஓயாமல் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். கிளம்பினால் உயரப் போகாது. நீர்மட்டத்தை ஒட்டி, இறக்கையை விறைப்பாகச் சிறுசிறு துடிப்பாக அடித்து, அடுத்த கல்வரை போய் இறங்கும். கூட்டம் சேராது, ஒரு மதகுக்கு ஒன்று, ஒரு திருப்பத்துக்கு ஒன்று என்றுதான் இருக்கும். இப்படிச் சிதறி வாழும் பறவை குறைந்தால் எந்தச் சரணாலயத்திலும் அது தெரியாது. பத்தாயிரம் நாரை பத்துப் பறவையாகிவிட்டால் ஊரே பேசும். ஆயிரம் ஏரிகளில் ஏரிக்கு மூன்று உள்ளான் இருந்தது ஏரிக்கு இரண்டாகிவிட்டால் யாருக்குத் தெரியும்? ஆயிரம் பேர் தத்தம் ஏரியில் எண்ணி எழுதியிருந்தால்தான் தெரியும். அந்த அறிக்கை அப்படித்தான் உருவானது. 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் ஈபேர்ட் என்ற இணையதளத்தில் பதிந்த சுமார் 3 கோடிப் பதிவுகளே அதன் அடித்தளம். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் விஞ்ஞானிகள் அல்லர். ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், விவசாயிகள், மாணவர்கள்.

அந்தப் பதிவுகளிலும் எல்லாம் ஒரே மதிப்புடையவை அல்ல. இன்று வரித்தலை வாத்து பார்த்தேன் என்று ஒற்றை வரி எழுதுவது நினைவுக்கு நல்லது. கணக்குக்கு அவ்வளவாக உதவாது. எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்பதோடு, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் காக்கை மைனா உட்பட எழுதினால் அது முழுப் பட்டியல். முழுப் பட்டியலின் அருமை அதில் இருப்பவற்றில் மட்டும் இல்லை, இல்லாதவற்றிலும் இருக்கிறது. உங்கள் பட்டியலில் கிளுவை இல்லை என்றால், ஒரு மணி நேரம் தேடியும் அங்கே கிளுவை கண்ணில் படவில்லை என்று பொருள் கொள்ளலாம். அரிய பறவையை மட்டும் எழுதுபவரின் ஏட்டில் கிளுவை இல்லாததற்கு எந்தப் பொருளும் இல்லை. இருந்ததா, பார்த்தும் எழுதாமல் விட்டாரா, யாருக்கும் தெரியாது. புதிதாகத் தொடங்குபவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். காக்கையை விடாதீர்கள். சிட்டுக்குருவியை விடாதீர்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் பனங்காடையை எல்லோரும் சாதாரணப் பறவை என்றுதான் சொன்னார்கள்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓர் ஏரியில் பறவை குறைந்தது என்றால் உலகில் பறவை குறைந்தது என்று ஆகிவிடுமா? ஆகாது. தமிழ்நாட்டில் இது மிகவும் கவனிக்க வேண்டிய செய்தி, ஏனென்றால் நம் ஏரிகள் மழையை நம்பியவை. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பிவிட்டால் கரையோரச் சேறு முழுக்க மூழ்கிவிடும். சேற்றில் இரை தேடும் கொசு உள்ளானுக்கும் பொறி உள்ளானுக்கும் பட்டாணி உப்புக்கொத்திக்கும் அங்கே நிற்க இடமிருக்காது. தலையைக் கவிழ்த்து வாலை வானுக்குக் காட்டி அடித்தளத்தில் மேயும் ஊசிவால் வாத்துக்கும் அதன் கழுத்து எட்டும் ஆழம்தான் பயன்படும். நீர்க்காகமும் கூழைக்கடாவும் மட்டும் மகிழ்ச்சியாக இருக்கும். மழை பொய்த்த ஆண்டில் வாத்துகள் வேறு இடம் போய்விடும், உள்ளான்கள் நிறையும், பிறகும் மழை வராமல் ஏரி காய்ந்துவிட்டால் அவையும் போய்விடும். இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் சுமார் 39 ஆயிரம் ஏரி குளங்கள் இருக்கின்றன. எல்லாம் நிரம்பிய ஆண்டில் பறவைகள் பரவிவிடுகின்றன. உங்கள் ஏரியில் எண்ணிக்கை இறங்கும். வறண்ட ஆண்டில் தண்ணீர் மிஞ்சிய ஒன்றிரண்டு ஏரிகளில் எல்லாம் வந்து நெருக்கியடிக்கும். உங்கள் ஏரியில் எண்ணிக்கை ஏறும். ஏறியதைப் பார்த்து மகிழ்வதும் இறங்கியதைப் பார்த்துக் கலங்குவதும் இரண்டுமே அவசரம்.

ஆனால் இந்த எதிர்வாதம் பதிவேட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் இன்னும் ஒரு பத்தி சேர்க்கச் சொல்கிறது. பறவையின் பெயருக்கு முன்னால் தண்ணீரை எழுத வேண்டும். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். மதகுப் படிக்கட்டில் எத்தனை படி மூழ்கியிருக்கிறது, கலங்கல் வழிகிறதா, கரையோரச் சேறு எத்தனை அடி அகலம், ஆகாயத்தாமரை எவ்வளவு பரப்பை மூடியிருக்கிறது, மீன் குத்தகைக்காரர் வலை போட்டிருக்கிறாரா, ஆடு மாடு உள்ளே மேய்கிறதா. ஆறு வரி போதும். மூன்று பருவம் இப்படி எழுதியபின் பாருங்கள். எந்த நீர்மட்டத்தில் எந்தப் பறவை வரும் என்று ஏரியே சொல்லத் தொடங்கிவிடும். அதன்பிறகு, சேறு இருந்தும் உள்ளான் வரவில்லை, ஆழம் சரியாக இருந்தும் தட்டைவாயன் வரவில்லை என்றால், அப்போது கவலைப்படக் காரணம் இருக்கிறது. தண்ணீரைக் குறிக்காத பத்தாண்டுக் குறிப்பைவிடத் தண்ணீரைக் குறித்த மூன்றாண்டுக் குறிப்பு எனக்கு மேலானதாகத் தெரிகிறது.

பார்க்கும் இடமும் நேரமும் பற்றி நம் ஏரிகளின் அமைப்பே ஒரு வழி காட்டுகிறது. நிலம் கிழக்கு நோக்கிச் சரியும் மாவட்டங்களில் பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கம்; நீர்ப்பரப்பு மேற்கே விரியும். காலையில் கரைமேல் நின்று மேற்கே பார்த்தால் வெயில் உங்கள் முதுகில், வெளிச்சம் பறவைமேல். மாலையில் அதே இடத்தில் நின்றால் தண்ணீர் பளபளத்து வாத்துகளெல்லாம் கறுப்பு உருவங்களாகத்தான் தெரியும். அப்போது நீர்ப்பிடிப்புப் பக்கம் போய்விட வேண்டும். விடிந்து முதல் ஒன்றரை மணி நேரம்தான் பொற்காலம். மார்கழி தையில் பனி மூட்டம் கலையும்வரை தொலைவில் இருப்பவை தெரியாது. அந்த நேரத்தில் கரைச்சரிவின் புதர்களைக் காதால் பாருங்கள். சிறு கூழாங்கற்களைத் தட்டுவதுபோல் டக், டக் என்று விட்டுவிட்டு வரும் ஒலி, இலை மறைவில் இருக்கும் பிளித் நாணல் கதிர்க்குருவியுடையது. குளிர்காலம் முழுக்க நம் ஊர்ப் புதர்களில் வாழ்ந்தும் பெரும்பாலானோர் கண்ணில் படாத பறவை அது. இப்படி வலசை வரும் சில பறவைகள் ஆண்டுதோறும் பழைய இடத்துக்கே திரும்புகின்றன என்பதை, பறவையின் காலில் வளையமிடும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. போன ஆண்டு அந்த முள்மரத்தில் இருந்த கீச்சானே இந்த ஆண்டும் வந்திருக்கக்கூடும். அந்த முள்மரத்தை வெட்டுபவருக்கு அது தெரிய வழியில்லை. பதிவேடு வைத்திருப்பவர் சொன்னால் உண்டு.

எண்ணுவதற்குப் பயப்பட வேண்டாம். நூறு நாமக்கோழிகளைத் துல்லியமாக எண்ண யாராலும் முடியாது, அவை ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. முதலில் பத்தை எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதியுங்கள். அதே அளவால் மீதிக் கூட்டத்தை அளந்துகொண்டே போங்கள். கலைந்து நீந்தும் கூட்டமானால் ஒருபுறமிருந்து மறுபுறம் பைனாகுலரை ஒரே வேகத்தில் நகர்த்தி, திரும்பி வரும்போது மறுபடி எண்ணிச் சராசரி எடுங்கள். சேற்றுப் பூனைப்பருந்து நாணல்மேல் தாழ்வாகப் பறந்து வந்தால் கூட்டம் மொத்தமாக எழும். எண்ண மறந்த பறவைகளும் அப்போது வெளியே வரும், மேலே பறக்கும்போது இறக்கை நிறமும் தெரியும். தோராயமாகப் பார்த்த நூற்றைம்பது, நிறைய என்ற சொல்லைவிட ஆயிரம் மடங்கு பயனுள்ளது.

தவறாக அடையாளம் கண்டுவிட்டால் தரவு கெட்டுவிடாதா என்ற தயக்கம் புதியவர்களை வெகுகாலம் தடுத்து நிறுத்துகிறது. கெடும்தான், ஆனால் தவறைவிடத் தற்பெருமைதான் அதிகம் கெடுக்கிறது. தெரியாததைத் தெரியாத வாத்து 12, தெரியாத உள்ளான் 4 என்று எழுதப் பழகினால் ஒரு கெடுதலும் இல்லை. முதல் பருவத்தில் முப்பது பறவைகளை ஐயமறத் தெரிந்துகொள்வதே போதும். ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி க்ரியா வெளியிட்ட பறவைகள் அறிமுகக் கையேடு தமிழில் தொடங்குபவர்களுக்கு நல்ல துணை. ஊர்ப் பெயர்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மீன் பிடிப்பவரும் ஆடு மேய்ப்பவரும் நம்மைவிட அதிக நேரம் ஏரியில் இருப்பவர்கள், அவர்களிடம் புத்தகத்தில் ஏறாத பெயர்கள் இருக்கின்றன. பைனாகுலர் வாங்க முடிந்தால் 8 மடங்குப் பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முகப்பும் உள்ளது ஏரிக்குப் பொருந்தும். அதற்கு மேல் பெருக்கம் கூடினால் கை நடுக்கமும் கூடித் தெரியும். வாங்க முடியாவிட்டால் வெறும் கண்ணாலேயே நாரைகளையும் கொக்குகளையும் மீன்கொத்திகளையும் ஆலாக்களையும் எண்ணலாம். அதுவே பாதி ஏரி.

கேமராவைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கண்டிப்பானது. படம் அடையாளத்துக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் படமே நோக்கமாகிவிட்டால் பறவையிடம் நெருங்கிக்கொண்டே போகத் தோன்றும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து உடலில் கொழுப்பு சேர்த்துக்கொண்டிருக்கும் பறவையை ஒரு காலையில் நான்கு முறை எழுப்பிவிட்டால் அதன் இரைநேரத்தைத் திருடியதாகும். பறவை தலையைத் தூக்கி உங்களைப் பார்த்துவிட்டால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிய பறவை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஐம்பது பேர் ஒரே வாரத்தில் ஓர் ஏரிக்குப் படையெடுப்பதையும் நான் ஆதரிக்கவில்லை. கூடுகள் இருக்கும் மரத்தையும் ஆந்தை பகலில் தங்கும் பொந்தையும் இடம் சொல்லிப் பகிரவே கூடாது.

பதிவேட்டால் ஏரிக்கு என்ன நடக்கும் என்று கேட்பவர்களுக்கு நஞ்சராயன் குளத்தைக் காட்டுவேன். திருப்பூர் நகரத்தின் விளிம்பில், கூலிபாளையம் குளம் என்றும் சொல்லப்படும் அந்த நீர்நிலையை உள்ளூர்ப் பறவை ஆர்வலர்கள் பல ஆண்டுகள் விடாமல் பார்த்துப் பட்டியலிட்டார்கள். 2022-இல் அது தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே பதிவாகியிருக்கும் 191 பறவையினங்கள் ஒரே நாளில் எண்ணப்பட்டவை அல்ல. தூர்வாரும் திட்டமோ நடைபாதைத் திட்டமோ படகுத்துறைத் திட்டமோ வரும்போது, இந்த ஏரியில் பறவை இருக்கிறது என்று உணர்ச்சியோடு பேசுவது ஒன்று. ஐந்து ஆண்டுகளாகத் தை மாதத்தில் இந்த மேற்குச் சரிவுச் சேற்றில் இத்தனை உள்ளான்கள் இரை தேடியிருக்கின்றன, இந்தச் சரிவை மட்டும் ஆழமாக்காமல் விடுங்கள் என்று ஏட்டை விரித்துக் காட்டுவது வேறொன்று. இரண்டாவதற்கு அதிகாரிகளும் விவசாயிகளும் செவிசாய்க்க இடமுண்டு. தூர்வார வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏரி முதலில் பாசனத்துக்கு வெட்டப்பட்டது. ஆனால் ஏரியைச் செங்குத்தான கரைகொண்ட தொட்டியாக்கிவிட்டால் ஓரச் சேறு என்ற ஒன்றே இல்லாமல் போகிறது. ஒரு பக்கம் சரிவாக விடுவதால் குறையும் கொள்ளளவு சிறிது. அதில் பிழைக்கும் பறவைகள் பல.

விவசாயிக்கும் பறவைக்கும் பகை என்று நினைப்பதும் நம் வரலாற்றுக்கு ஒத்துவராது. வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளை வெள்ளைச் சிப்பாய்கள் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-இலேயே பறவைகளைக் காக்கும் உரிமைக்கு எழுத்து மூலம் ஒப்புதல் பெற்றார்கள். எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளத்து மக்கள் வீட்டு வாசல் மரத்தில் நாரைக் கூட்டத்தை இன்றும் வைத்துக் காக்கிறார்கள். அரசு அதைச் சரணாலயமாக்கியது 1994-இல்தான். எந்தப் பருவத்தில் எது வரும், எப்போது போகும் என்ற கணக்கு அவர்கள் தலைக்குள் இருந்தது. நாம் அதைத் தாளில் எழுதத் தொடங்கினால் போதும்.

தனியாகச் செய்வதில் தளர்ச்சி வரும் என்றால் கூட்டாகச் செய்ய வாய்ப்புகள் இருக்கின்றன. 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் தன்னார்வலர்கள் பறவைகளை எண்ணுகிறார்கள். தமிழ்நாடு முழுவதற்கும் 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு உண்டு. பொங்கல் விடுமுறையில், நீங்கள் இருக்கும் ஊரிலேயே, ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்ததை எழுதி ஈபேர்டில் ஏற்றினால் நீங்களும் அதில் சேர்ந்துவிட்டீர்கள். ஆனால் பொங்கல் நாளை உங்கள் பதிவேட்டின் முதல் பக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள். இந்த ஆவணியில், ஏரி இன்னும் வறண்டு கிடக்கும்போதே, ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு கரைக்குப் போங்கள். தேதி, நேரம், மதகில் தண்ணீர் எத்தனை படி என்பதை எழுதுங்கள். குட்டையோரம் உள்ளான் வந்திருந்தால் எத்தனை என்று எழுதுங்கள். வரவில்லையென்றால் உள்ளான், சுழியம் என்று எழுதுங்கள்.